ருக்குமணி கட்டிய மாலை

இரண்டாம் பாகத்துக்குக் கலை வேலை பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் டுரியான் துங்காலில் என் வீட்டுக்கு வந்து, முதல் படத்தில் சுவரில் மாட்டிய புகைப்படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றனவா என்று கேட்டீர்கள். இருக்கின்றன என்றேன். உடனே உங்களில் ஒரு பிள்ளை, “அந்தப் பூமாலை போட்ட அண்ணன் படமும் இருக்கா அக்கா?” என்று கேட்டது. நான் பதில் சொல்லாமல் தேத்தண்ணி கலக்க உள்ளே போய்விட்டேன். உங்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். என்ன செய்வது, அப்போது வாயைத் திறந்திருந்தால் திட்டுதான் வந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகு என் வாய் இன்னும் மோசமாகிவிட்டது என்று என் மகளே சொல்கிறாள். அதனால் ஆறப் போட்டு எழுதுகிறேன்.

ஆணி அடிப்பதையும், புதுச் சுவரைப் பழசாக்குவதையும், பிளாஸ்டிக் மண்டை ஓட்டுக்கு மஞ்சள் ஏற்றுவதையும் நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாக வருகிறது. நான் சொல்ல வந்தது, மாட்டிய பொருளைக் கழற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி. அதற்கு எந்தக் காலேஜிலும் பாடம் இல்லை.

நானும் தொழிலுக்கு வந்த புதிதில் உங்களைப் போலத்தான். மர்மப் படம் என்றால் துள்ளிக் குதிப்பேன். குடும்பக் கதை என்றால் சோபா, நாள்காட்டி, சாமி படம், அழுகிற கதாநாயகிக்கு ஒரு தலையணை. அதில் எங்களுக்கு என்ன வேலை? கம்பெனிக்காரன் பூமிக்கு அடியில் ரகசியமாக ஏதோ செய்கிறான், வானத்தில் ஏதோ பறக்கிறது, காட்டு முனி அதைத் தடுக்கிறது என்று கதை வந்தால்தான் ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்கு மதிப்பு.

அப்படி ஒரு தடவை லூபோக் சீனா பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் வானத்திலிருந்து ஒரு வெளிச்சம் இறங்குகிற மாதிரி காட்சி எடுத்தோம். கிரேனில் கட்டிய பெரிய விளக்கு, நீலத் தாள், நிறையப் புகை, அவ்வளவுதான். மறுநாள் சாமான் எடுக்கப் போனால், வெளிச்சம் இறங்கிய இடத்தில் எலுமிச்சம்பழம், சூடம், சீனர்கள் கொளுத்திய ஊதுபத்தி, ஒரு கோழி முட்டை. நம்மாட்களும் மற்ற இனத்தவர்களும் ஒற்றுமையாக நின்றுகொண்டிருந்தார்கள். தேர்தலில்கூட அப்படி ஒற்றுமையைப் பார்த்ததில்லை. ஒரு பெரியவர் என்னிடம் வந்து, “என்ன நம்பர் குடுத்துச்சு?” என்று கேட்டார். நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலுக்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாரிக்குக் கூட்டிப் போய் விளக்கையே காட்டினேன். இதுதான் ஐயா நீங்கள் பார்த்த சாமி என்றேன். அவர் விளக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் குனிந்து, அதன் அடியில் அச்சடித்திருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பல வருஷம் இதை வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கைக் காட்டிவிட்டால் மட்டும் நம்பிக்கை போய்விடாது என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

இனி உங்கள் முதல் பாகத்துக்கு வருகிறேன். நீங்கள் அதை எத்தனை தடவை பார்த்திருந்தாலும், நான் பார்த்த கோணத்திலிருந்து கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டத்துப் பையன்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். வெளியூரில் நல்ல வேலை என்று ஒரு கம்பெனி கூட்டிப் போகிறது. உண்மையில் பழைய ரப்பர் ஆலைக்கு அடியில் ஒரு எந்திரம் இருக்கிறது. அந்த எந்திரத்துக்கு மனித உயிர் தேவை. தோட்டம் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்த ஏதோ ஒன்றோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கதாநாயகன் கடைசியில் ஒரு சுவரைக் கண்டுபிடிக்கிறான். சுவர் முழுக்கக் காணாமல் போனவர்களின் படங்கள், எல்லாவற்றுக்கும் மாலை, முன்னால் விளக்கு. அவன் அழுதுகொண்டே கடைசி விளக்கை ஏற்றும்போது எல்லா விளக்கும் ஒன்றாக அணைகின்றன.

செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை முன்பு பார்த்துக்கொண்ட, இப்போது ஆள் இல்லாமல் கிடந்த ஆயாக்கொட்டகையில் அந்தச் சுவரைப் போட்டோம். இயக்குநர் குகனுக்கு, துணை நடிகர்களின் படங்கள் வேண்டாம். “அவங்க மூஞ்சி எல்லா டிராமாலயும் வந்துருச்சுக்கா, தோட்டத்து ஆளுங்க மூஞ்சி வேணும்” என்றான். சரியான யோசனைதான். நான் தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் படம் கொடுங்கள் என்று கேட்டேன்.

உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போட யாராவது சம்மதிப்பார்களா? நம் படப்பிடிப்புகளில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். பாடையில் படுத்து நடித்தவர் காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மாலை போட்ட படத்துக்குச் சொந்தக்காரர் அன்றைக்கே அந்தப் படத்தின் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரிக்க வேண்டும். அதை ஒரு போட்டோ எடுக்க வேண்டும். வாயில் இனிப்பு, தலையைச் சுற்றிப் பூசணிக்காய், தோஷம் கழிந்தது. யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. நான் சாமியை அளவாக நம்புகிறவள், ஆனால் இந்த வழக்கத்தை ஒருநாளும் விட்டதில்லை. பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் இல்லையா?

அதனால் ஒவ்வொரு வீட்டிலும் மறக்காமல் கேட்டேன். மாலை போடுவோம், சாயங்காலம் பிள்ளை நேரில் வந்து சிரிக்கணும், வருவானா? வருவான் என்று சொன்ன வீட்டில் மட்டும் படம் வாங்கினேன்.

ருக்குமணி அப்படித்தான் கொடுத்தார். ஐம்பது தாண்டிய பெண், கணவர் இல்லை, ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை, தோட்டத்துக் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை மாலை கட்டுகிறவர். மகன் தினேஷை மாசி மகத் திருவிழாவில் எடுத்த படம். நெற்றியில் திருநீறு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சிரிக்கிறான்.

“சாயங்காலம் வருவானா?” என்று கேட்டேன்.

“வருவான்” என்றார்.

கடைசி நாள் அது. கதாநாயகன் மறுநாள் வேறு படத்துக்குப் போகிறார், வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கிறது, வானத்தில் மேகம் வேறு. எல்லாம் தயார் என்று சொல்வதற்கு முன் நான் சுவரை ஒரு தரம் கண்ணால் துழாவுவது வழக்கம். மாலைகள் எல்லாம் மலாக்கா டவுனில் வாங்கிய பிளாஸ்டிக் மாலைகள். ஒன்று மட்டும் அப்படி இல்லை. தினேஷ் படத்தில் நிஜப் பூ. வெள்ளை நந்தியாவட்டை, நடுநடுவே சிவப்பு அரளி, துளசி. தண்ணீர்த் துளி இன்னும் காயவில்லை.

கத்தினேன். யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று டிபார்ட்மென்ட் மொத்தத்தையும் ஒரு பிடி பிடித்தேன். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, கூட்டத்தில் நடிக்க வந்து நின்றிருந்த ருக்குமணி முன்னால் வந்தார்.

“நான்தாக்கா போட்டேன். அவங்கள ஏசாதீங்க லா.”

“ஏம்மா? பிளாஸ்டிக் மாலைதானே போடுவோம்னு சொன்னேன்?”

“பிளாஸ்டிக் போட்டா அவன் நம்பமாட்டான்.”

எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளிக் கூட்டிப் போனார். “ஒங்களுக்குத் தெரியாதா? அவ மவன் காணாம போயி வருஷக்கணக்காச்சு. பக்கத்து நாட்டுல கம்பூட்டர் வேலைன்னு பேஸ்புக்குல பாத்துட்டுப் போனான். ஒரே ஒரு தடவதான் போன் பண்ணுனான். ‘அம்மா, இங்க சரியில்ல’ன்னான், கட்டாயிருச்சு. போலீஸ் ரிப்போர்ட்லாம் குடுத்தாச்சு. நாங்க கருமாதி பண்ணிருன்னு சொல்றோம், கேக்க மாட்டேங்குறா.”

எங்கள் படத்தில் வரும் கம்பெனியும் எந்திரமும் காட்டு முனியும் வெட்கப்பட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. நிஜமான சதிக்கு எந்திரம் வேண்டாம், ஆவி வேண்டாம். ஒரு விளம்பரமும் ஒரு விமான டிக்கெட்டும் போதும். சதிப் படங்களை நம் ஜனங்கள் ஏன் இப்படி விழுந்து விழுந்து பார்க்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. படத்தில் எங்கோ ஒரு சுவர் இருக்கும். அதில் எல்லார் படமும் இருக்கும். யாராவது ஒருவன் கதவை உடைத்து உள்ளே போவான். ருக்குமணி வீட்டுக் கதையில் உடைப்பதற்குக் கதவே இல்லை.

திரும்பிப் போய் மாலையைக் கழற்றக் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கழட்டாதீங்கக்கா.”

“உயிரோட இருக்கிற பிள்ளைக்கு, பெத்தவ கையால கட்டி…”

“அதுக்குத்தாக்கா. படம் எல்லா இடத்துலயும் வரும்னு சொன்னீங்க. எங்கயோ ஒக்காந்துட்டு ஒருநாள் பாப்பான். நடுவுல அரளி வச்சுக் கட்டுறது நான் மட்டும்தான், அவனுக்குத் தெரியும். சின்னப் புள்ளையில எம்பக்கத்துல ஒக்காந்து பூ எடுத்துக் குடுப்பான். பாத்தான்னா கோவம் வரும் லா. உயிரோட இருக்கிறவனுக்கு மாலை போட்டுட்டியே, நீயெல்லாம் ஒரு அம்மாவான்னு திட்டுறதுக்காச்சும் போன் பண்ணுவான்.”

இப்போது நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். மாலையைக் கழற்றினால், வந்து சிரிக்க முடியாத பிள்ளைக்குப் பிளாஸ்டிக் மாலைகூட நான் போட முடியாது, மாலை இல்லாத படத்துக்குச் சுவரில் இடமில்லை. பையன் முகம் படத்தில் வராது. விட்டுவிட்டால், ஒரு தாய் தன் மகனுக்குப் போட்ட மாலையை ஊர் உலகத்துக்கே காட்டிய பாவம் எங்களுடையது. மேகம் நமக்காகக் காத்திருக்காது.

குகன் நடந்ததைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறான். கெட்ட பையன் இல்லை, ஆனால் இயக்குநர். கண்ணில் தண்ணீரும் அதற்குப் பின்னால் கணக்கும் ஒன்றாகத் தெரிந்தன. “அக்கா, இது உண்மையாக்கா? அப்ப ‘உண்மைச் சம்பவம்’னு போடலாமே. இவங்களையே அந்தப் படத்துக்கு முன்னாடி நிக்க வச்சு ஒரு ஷாட்…” என்று ஆரம்பித்தான்.

“குகன்,” என்றேன், “உன் கதையில சுவத்துல இருக்கிறவன் எல்லாம் செத்தவன். இந்தம்மா தன் மகன் உயிரோட இருக்கான்னு சொல்றாங்க. உண்மைச் சம்பவம்னு போட்டியானா அவங்க மகன் செத்துட்டான்னு நீ சொன்னதா ஆயிரும். அதச் சொல்ல நீ யாரு, நான் யாரு?”

“சரிக்கா. மாலை?” என்று கேட்டான்.

“இருக்கட்டும். கேமராவ ஓட்டு.”

அது சரியான முடிவா என்று கேட்காதீர்கள். அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அது அவர் பிள்ளை, அவர் கட்டிய மாலை. நம்பிக்கையும் அவருடையது. அதற்குள் கை நுழைக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். காட்சி நன்றாக வந்தது.

பிறகு சிரிப்புப் படம். பையன்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் படத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒருவன் தன் மாலையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை போல் நின்றான். எல்லாரும் கேலி செய்தார்கள். லட்டு கொடுத்தோம். கடைசியில் தினேஷ் படம் மட்டும் பாக்கி.

ருக்குமணி ஆயாக்கொட்டகை வாசலில் நின்று, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வரும் மண்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்த பையன்களும் போகாமல் நின்றார்கள்.

“இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்க்கா” என்றார்.

பார்த்தோம். லாரியில் சாமான் ஏற்றியாயிற்று. தூறல் போட ஆரம்பித்தது. பூசணிக்காய் உடைக்காமல் யாரும் கிளம்பக் கூடாது. படத்துக்குரியவர் சிரிக்காமல் பூசணிக்காய் உடைக்கக் கூடாது. எங்கள் வழக்கத்தை நாங்களே கழுத்தில் கட்டிக்கொண்டு முழித்தோம். பெரியவர்கள் சிலர் இது அபசகுனம் என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஒருவர், “அதான் ஆள் இல்லன்னு தெரிஞ்சு போச்சே” என்று ருக்குமணி காதில் விழும்படியே சொன்னார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ருக்குமணியிடம் போய், “அவனுக்குப் பதிலா நீங்க சிரிங்கம்மா. பெத்தவ சிரிச்சா பிள்ள சிரிச்ச மாதிரிதான். எங்க தொழில்ல அப்படி ஒரு வழக்கம் இருக்கு” என்றேன். அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் கிடையாது. அந்த நொடியில் நான் உண்டாக்கியது அது.

அவர் என்னை நம்பினார். போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலில் உதடு மட்டும்தான் விரிந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகனைப் போலவே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். சத்தமாக, ஆம்பளைப் பையன் சிரிக்கிற மாதிரி. லயத்தில் ஒரு நாய் குரைத்தது. அவனுடைய நாயாம் அது, பிறகு சொன்னார்கள். குகன் போட்டோ எடுத்தான். லட்டைப் பாதி கடித்துவிட்டு, மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

படம் வெளிவந்தது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது பக்கத்தில் சிரிப்புப் படங்களைப் போட்டிருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் சந்தோஷப்படட்டும் என்று குகன் நல்ல எண்ணத்தில்தான் போட்டான். ருக்குமணி சிரிக்கிற படமும் அதில் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் ‘ரசிகர்களின் ஆதரவு’ என்கிறீர்கள். யாரோ ஒருவன் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறான். எல்லாமே பிளாஸ்டிக் மாலை, ஒன்று மட்டும் நிஜப் பூ, ஏன்? எல்லாப் படத்துக்கும் ஆள் வந்து சிரிக்கிறான், ஒரு படத்துக்கு மட்டும் ஒரு அம்மா சிரிக்கிறார், ஏன்? டிக்டாக்கில் ஒரு வீடியோ, அதற்குப் பதிலாக இன்னொரு வீடியோ. படக்குழு நமக்கு ரகசியமாக ஏதோ சொல்கிறது, அந்தப் பையன் உண்மையிலேயே எந்திரத்துக்குப் போனவன், அந்தக் கம்பெனி நிஜமாகவே இருக்கிறது, பயந்துகொண்டு படமாக எடுத்திருக்கிறார்கள். யாரோ துருவித் துருவி, காணாமல் போனவர் என்று எப்போதோ வாட்ஸ்அப்பில் சுற்றிய தினேஷின் படத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் அடியில் ருக்குமணியின் கைப்பேசி எண் இருந்தது.

நானும் ஒரு வீடியோவில் பேசிப் பார்த்தேன். கதை கற்பனை, மாலை மாறியதற்குக் காரணம் ஒரு தாயின் விருப்பம், அந்தப் பையனைக் கொண்டுபோனது வேலை மோசடிக் கும்பல் என்று விளக்கினேன். கீழே வந்த முதல் கமெண்டே, “இந்த அக்காவுக்குக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது?” விளக்கைக் காட்டினால் விளக்கின் அடியில் இருக்கிற நம்பரை எழுதிக்கொண்டு போகிற ஜனம் இது என்று லூபோக் சீனாப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

அழைப்புகள் வந்தபடி இருந்தன. சிலர் அவரோடு சேர்ந்து அழுதார்கள். சிலர் ஆலைக்கு அடியில் அவனைக் கனவில் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒருவர் நம்பர் கேட்டார். நிறையப் பேர், “ஆண்ட்டி, பார்ட் டூ எப்போ?” என்று கேட்டார்கள். ஒரு பையன் மட்டும், “அம்மா, நான் தினேஷ் பேசுறேன்” என்றான்.

அதை அவன் பதிவு செய்து போட்டிருந்தான். நான் பார்த்தேன், நீங்களும் பார்த்திருக்கலாம். பின்னால் கூட்டாளிகள் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் ருக்குமணி, “எங்கய்யா இருக்க? சாப்பிட்டியா?” என்று கேட்கிறார். அவன் “ம்” என்கிறான். “என்னய்யா சாப்பிட்ட?” அதற்கு அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, வைத்துவிட்டான். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போல் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

காரை எடுத்துக்கொண்டு செலண்டார் போனேன். வாசல்படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். கைப்பேசி மடியில்.

“அது ஏமாத்துக்காரப் பயலுக ருக்குமணி. குரல் வச்சே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“தெரியும்க்கா. அவன் கொரலு இல்ல.” நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். “ஆனா சாப்பிட்டியான்னு கேக்குறதுக்கு ஒரு ஆள் கெடச்சான் இல்ல?”

“இந்த நம்பர மாத்திருங்க. புது சிம் நானே வாங்கித் தர்றேன்” என்றேன்.

பூவை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பெரிய மனுஷி இப்படி யோசனை இல்லாமல் பேசுகிறாளே என்கிற பார்வை.

“அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதாக்கா. இத மாத்திட்டா அவன் எங்க கூப்புடுவான்?”

அந்த எண்தான் இன்னும் இருக்கிறது. அழைப்புகள் குறைந்து ஓய்ந்திருந்தன. இப்போது இரண்டாம் பாகம் என்று நீங்கள் அறிவித்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டன.

உங்கள் கதையில் மாலை போட்ட அந்தப் பையன் ஆலைக்கு அடியிலிருந்து உயிரோடு வெளியே வருகிறான் என்றீர்கள். அதற்காக அந்தப் படம் வேண்டும் என்றீர்கள். என் விருப்பத்தைக் கேட்டால், கொடுக்க மாட்டேன். கதையை மாற்றுங்கள், வேறு ஆளை வெளியே வரச் சொல்லுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் படம் என்னுடையது இல்லை. முந்தாநாள் போய் ருக்குமணியிடமே கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கதையில திரும்பி வர்றானா?” என்றார்.

“கதையில வர்றான்.”

“அப்ப போட்டுக்கட்டும் லா. நானும் ஒரு வார்த்த சொல்றேன், அந்தப் புள்ளைங்கள எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “வெளிய வந்ததும் மொதல்ல வீட்டுக்கு ஒரு போன் பண்ற மாதிரி எடுக்கச் சொல்லுங்கக்கா. அது போதும்” என்றார்.

ஆகவே படத்தை உங்களிடம் தருகிறேன். இந்தத் தடவை மாலை வேண்டாம், அது உங்களுக்கும் தெரியும். அவர் கேட்டபடி அந்தக் காட்சியை வையுங்கள், எந்தத் தயாரிப்பாளர் நீளம் அதிகம் என்று சொன்னாலும் வெட்ட விடாதீர்கள். சுவரில் நீங்கள் மாட்டுகிற ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் யாராவது ஒருவர் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஆணியை அடியுங்கள்.

அவருக்கு நீங்கள் போன் பண்ணுவீர்கள். அதில்தான் எனக்குப் பயம், அதனால் கவனமாகக் கேளுங்கள். மணி ஒருமுறை முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிடுவார். எடுத்ததும் பேச மாட்டார். மூச்சு மட்டும் கேட்கும். எப்படித் தொடங்குவது என்று அந்த இடத்தில் யோசித்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். “ஆண்ட்டி, நான் இன்னார், படத்துல வேலை செய்றேன்” என்று உடனே பெயரைச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை நான் கூப்பிட்டபோது இருமல் வந்துவிட்டது. ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அதற்குள் அவர், “சாப்பிட்டியாய்யா?” என்று கேட்டுவிட்டார்.